ஆர்டரைப் பிடிப்பதும் ஆர்டரைத் தாங்குவதும்: வட ஆர்க்காட்டுச் சிறுதொழில்கள் அரசுக் கொள்முதலில் வளரும் வழி

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஒவ்வொரு பிரிவினையும் புதிய ஆட்சியர் அலுவலகத்தையும் துறை அலுவலகங்களையும், அவற்றுக்கு வேண்டிய மேசை, அலமாரி, அச்சு, பராமரிப்பு வேலைகளையும் கூடவே கொண்டுவந்தது. இவற்றைத் தவிர ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேவூரில் சிறப்புக் காவல் படை, திருவலத்தை அடுத்த அம்முண்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில்வே என்று வாங்குகிறவர்கள் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் நான் பார்த்தவரை, இரண்டு ஆர்டர் செய்து முடித்ததும் 'இனி அரசு வேலையே வேண்டாம்' என்று ஒதுங்கிவிடும் பட்டறைகள் இங்கே அதிகம். அவர்களுடைய பொருளில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. பில் பணம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. முடித்த வேலைக்கு உரிய சான்று கையில் இல்லாததால் அடுத்த டெண்டரில் தகுதியும் கிடைக்காமல் போகிறது. அந்த இரண்டாவது ஆர்டரைத் தாண்டிச் செல்ல என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பதிவில் கவனிக்க வேண்டியது

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்தில் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம்; இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் எவரும் தேவையில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம்; முதலீடு 25 கோடிக்குள்ளும் விற்பனை 100 கோடிக்குள்ளும் இருந்தால் சிறு நிறுவனம். நம் பகுதிப் பட்டறைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பலரும் கோட்டைவிடுவது தொழில் வகைக் குறியீட்டில்தான். உத்யம் சான்றிதழில் உங்கள் தொழில் 'வணிகம்' என்று மட்டும் பதிவாகியிருந்தால், மத்திய அரசின் கொள்முதல் கொள்கையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு உள்ள சலுகைகள் உங்களுக்குக் கிடைக்கா; அவை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் உரியவை. இரும்பு அலமாரி செய்கிறவர் அலமாரி உற்பத்திக்கான குறியீட்டையும், பராமரிப்பு வேலை செய்கிறவர் அந்தச் சேவைக்கான குறியீட்டையும் சேர்த்திருக்க வேண்டும். டெண்டரில் கேட்கும் பொருளும் சான்றிதழில் உள்ள குறியீடும் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தொழில்நுட்பச் சுற்றிலேயே நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. சான்றிதழைத் திருத்தச் சிறிது நேரமே ஆகும். ஆனால் டெண்டர் திறந்த பிறகு திருத்திப் பயனில்லை.

உத்யம், ஜி.எஸ்.டி., மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால், மத்திய அரசின் ஜெம் தளம், தமிழக அரசின் டி.என்.டெண்டர்ஸ் தளம், ரயில்வேயின் ஐ.ஆர்.இ.பி.எஸ். தளம் ஆகியவற்றில் பதிவு செய்துகொள்ளலாம். மூன்றிலும் ஒரே நாளில் பதிவு செய்து மூன்றையும் தினமும் மேய்ந்துகொண்டிருப்பதைவிட, உங்கள் பொருளை உண்மையில் வாங்குகிறவர் எந்தத் தளத்தில் வாங்குகிறார் என்று பார்த்து அதை முதலில் நன்கு கற்றுக்கொள்வது மேல்.

சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையின்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது. 358 பொருள்கள் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்கப்பட வேண்டியவை; செருப்பு வகைகளும் தோல் பொருள்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருப்பதால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்கள் அதை ஒருமுறை முழுவதும் படித்துவிட வேண்டும். டெண்டர் ஆவணக் கட்டணமும், டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையும் கிடையா. மிகக் குறைந்த விலை தந்தவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால், அவருடைய விலைக்கு இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாம். கட்டட, சாலை ஒப்பந்த வேலைகளுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்பதைச் சிவில் ஒப்பந்ததாரர்கள் நினைவில் வைக்க வேண்டும். முன்வைப்புத் தொகை இல்லை என்று நம்பி வெறுங்கையோடு டெண்டர் போட்டால் உறையைத் திறந்த உடனேயே வெளியேற்றப்படுவீர்கள்.

யாருக்கு விற்பது

தளத்தில் கண்ணில் பட்ட டெண்டருக்கெல்லாம் விலை போடுவது நம்மவர்களிடம் அதிகம் காணும் பழக்கம். ஒரு டெண்டருக்கு ஒழுங்காக ஆவணம் தயாரிக்கவே இரண்டு மூன்று நாட்கள் போய்விடும். அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்க, உங்கள் பொருளை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வாங்கும் நான்கைந்து அலுவலகங்களைத் தேர்ந்தெடுத்து, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்கள் விட்ட டெண்டர்களைத் தேடிப் படியுங்கள். எந்த மாதத்தில் விட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, என்ன விலைக்குக் கிடைத்தது என்ற விவரங்களில் பெரும்பகுதி தளங்களிலேயே கிடைக்கும். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். சர்க்கரை ஆலையில் அரவை நின்று பராமரிப்பு நடக்கும் மாதங்களில்தான் உதிரி பாகங்களுக்கும் ஃபேப்ரிகேஷன் வேலைக்கும் தேவை இருக்கும். பள்ளி, விடுதிப் பொருள்களுக்கு வேறொரு காலம் உண்டு. காலம் தெரிந்தால் தகரமும் தோலும் எப்போது வாங்கிவைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

வாங்குகிறவர் ஒருவரை மட்டும் நம்புவதன் ஆபத்தை ராணிப்பேட்டைக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது, பெல் வேலையை மட்டுமே செய்துவந்த துணைத் தொழிற்கூடங்கள் பட்ட பாட்டை இப்பகுதியே பார்த்தது. தகடு வெட்டவும் வெல்டிங் செய்யவும் தேர்ந்த ஆட்களும் தரச்சோதனைப் பழக்கமும் இருந்தும், அந்தத் திறமையை ரயில்வேக்கோ, சர்க்கரை ஆலைக்கோ, குடிநீர்த் திட்டங்களுக்கோ கொண்டுபோகும் பதிவுகள் முன்கூட்டியே இல்லாதவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. என் கணிப்பில், ஒரே அலுவலகத்தின் ஆர்டர் மொத்த விற்பனையில் பாதியைத் தொடும் ஆண்டில், இன்னொரு வாங்குகிறவரைத் தேடும் வேலை தொடங்கிவிட வேண்டும். ரயில்வேயில் சில பொருள்களுக்கு ஒப்புதல் பெற்ற விற்பனையாளர் பட்டியலில் இடம்பெற நீண்ட காலம் ஆகும்; முதலில் சிறிய அளவுச் சோதனை ஆர்டர்களே கிடைக்கும். ஆகவே பழைய வாங்குகிறவரிடம் வேலை நன்றாக ஓடும் காலத்திலேயே அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும்.

விலை போடும் முன்

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. நீங்கலாக 20 லட்சம் ரூபாய்க்கு இரும்பு அலமாரி ஆர்டர் என்று வையுங்கள். தகடு, பெயிண்ட், பூட்டு முதலியவற்றுக்கு 12 லட்சம்; கூலியும் ஜாப் ஒர்க்கும் 3 லட்சம்; லாரி, பேக்கிங், ஆய்வுச் செலவு 70 ஆயிரம். ஆகக் கையிலிருந்து போவது 15 லட்சத்து 70 ஆயிரம். வாடகை, மின்சாரம், அலுவலகச் செலவில் இந்த ஆர்டரின் பங்கு ஒன்றரை லட்சம். இத்தோடு கணக்கை முடித்துவிட்டு 2 லட்சத்து 80 ஆயிரம் லாபம் என்று எண்ணுகிறவர் பலர்.

தகடு வாங்கிய நாளிலிருந்து பில் பணம் வங்கியில் விழும் நாள்வரை ஐந்து மாதம் ஆகிறது என்றால், 12 சதவீத வட்டியில் அந்த 15 லட்சத்து 70 ஆயிரத்துக்கு 78,500 ரூபாய் வட்டி. லாபம் ஏறக்குறைய 2 லட்சமாக இறங்குகிறது. ஒன்பது மாதமானால் வட்டி 1,41,300, லாபம் 1,38,700. டெலிவரி நான்கு வாரம் தள்ளிப்போய், ஜெம் ஒப்பந்தங்களில் வழக்கமாக உள்ளபடி வாரத்துக்கு அரை சதவீதம் தாமத அபராதம் பிடித்தால் இன்னும் 40 ஆயிரம் போய், மிஞ்சுவது ஒரு லட்சத்துக்கும் கீழே. தகட்டின் விலை இடையில் பத்து சதவீதம் ஏறினால் அதுவும் இல்லை.

லாபக் கணக்கில் தெரியாத இன்னொன்று பண ஓட்டம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கணக்கில் காட்டிக் கட்ட வேண்டும். வாங்கிய சரக்கில் கட்டிய 2 லட்சத்து 16 ஆயிரம் கழிந்தாலும் 1 லட்சத்து 44 ஆயிரம் ரூபாயை, பில் வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள்தான் புரட்ட வேண்டும். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால் அரசு அலுவலகம் 2 சதவீத ஜி.எஸ்.டி. பிடித்தம் செய்யும். அப்படிப் பிடித்த 40 ஆயிரம் எங்கும் போய்விடாது என்றாலும், ஜி.எஸ்.டி. தளத்தில் நீங்கள் ஏற்புச் செய்தால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டில் வரும். இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் விட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல், வேலையை ஒழுங்காக முடிப்பதற்குப் பிணையாகக் கேட்கும் செயல்திறன் உத்தரவாதத்துக்கான வங்கி உத்தரவாதம் கொடுக்க, வங்கி ஒரு பகுதியை வைப்புத் தொகையாக முடக்கிவைக்கும்.

ஆகவே விலை போடும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிவையுங்கள்: ஐந்து மாதத்தில் பணம் வந்தால் நிற்கும் விலை, ஒன்பது மாதமானால் நிற்கும் விலை, இதற்குக் கீழே போனால் நஷ்டம் என்ற விலை. ஜெம் தளத்தில் ஏலம் இறங்குமுகமாக நடக்கும்போது எதிரே விலை ஓடிக்கொண்டிருக்கும். கை தானாக அடுத்த குறைப்பை அழுத்தும். மூன்றாவது எண்ணை முன்பே எழுதி, உங்கள் வீட்டாரிடமோ கணக்காளரிடமோ கொடுத்துவிட்டு உட்காருங்கள். பல டெண்டர்களில் அளவை 25 சதவீதம்வரை அதே விலையில் கூட்டவோ குறைக்கவோ வாங்குகிறவருக்கு உரிமை தரும் விதி இருக்கும். நஷ்ட விலைக்கு எடுத்த ஆர்டரில் அளவும் கூடினால் என்ன ஆகும் என்பதையும் அந்தத் தாளிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

செலானில் ஒரு கையெழுத்து

பொருளை இறக்கிவிட்டு லாரி திரும்பும் அந்த அரை மணி நேரத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். டெலிவரி செலானில் ஸ்டோர் பொறுப்பாளரின் கையெழுத்து, அவருடைய பெயர், பதவி, அலுவலக முத்திரை, தேதி, இறக்கிய எண்ணிக்கை ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். முடிந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதிவான பக்க எண்ணையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். வெறும் கிறுக்கல் கையெழுத்தோடு டிரைவர் கொண்டுவரும் செலான் ஆறு மாதம் கழித்துப் பயன்படாது. அதற்குள் அந்தப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. டிரைவரை மட்டும் அனுப்பாமல், எண்ணி ஒப்படைக்கத் தெரிந்த ஒருவரையும் கூட அனுப்புங்கள்.

ஜெம் ஆர்டரில் பில்லை அந்தத் தளத்திலேயே உருவாக்க வேண்டும். பொருளைப் பெற்றவர் சி.ஆர்.ஏ.சி. எனப்படும் ஏற்புச் சான்றைத் தளத்தில் வழங்கிய பிறகே பணம் நகரும். பெற்றவருக்கே அதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் பில் தேங்குவது உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பணிவோடு விளக்குகிறவருக்குப் பணமும் சீக்கிரம் வரும், அந்த அலுவலகத்தில் நல்ல பெயரும் நிற்கும். மாநிலத் துறைகளில் நிதி ஒதுக்கீடு மார்ச் 31ஐ ஒட்டியே ஓடுவதால், பிப்ரவரியில் முடியக்கூடிய டெலிவரியை மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கருவூலத்துக்குப் போகாமல் நின்ற பில், புதிய ஆண்டின் ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க நேரிடும்.

வேலை முடிந்து, பணமும் வந்து, எல்லோரும் திருப்தியாக இருக்கும் வாரத்திலேயே நிறைவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் எண், தேதி, பொருள், மதிப்பு, உரிய காலத்தில் திருப்திகரமாக முடித்தார் என்ற வாசகம், அலுவலகத் தலைப்பிட்ட தாள், கையெழுத்து, முத்திரை ஆகியவை அதில் வேண்டும். அடுத்த டெண்டரில் 'இதே போன்ற வேலையை இவ்வளவு மதிப்புக்குச் செய்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை வரும்போது இதுதான் உங்களை உள்ளே விடும். சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவத்திலும் விற்பனை அளவிலும் தளர்வு தர விதி உண்டு என்றாலும், தருவதும் தராததும் வாங்குகிறவரின் முடிவு. 5 லட்சம் ரூபாய்ச் சான்று 15 லட்சம் டெண்டருக்கும், அது 40 லட்சம் டெண்டருக்கும் வழிவிடும் வகையில் திட்டமிட்டு ஆர்டர்களைத் தேர்ந்தெடுங்கள். லாபம் சற்றுக் குறைந்தாலும் அடுத்த படிக்கான சான்றைத் தரும் ஆர்டரை எடுக்கலாம். லாபமும் இல்லை, சான்றாலும் பயனில்லை என்றால் விட்டுவிடலாம்.

பணம் வராதபோது

2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பொருளையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். அரசுத் துறைகளும் இதற்கு விலக்கல்ல. இதற்கான மத்திய அரசின் இணையத் தளத்தில் விண்ணப்பித்தால் வழக்கு மாநில அரசின் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகிற வாங்குகிறவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தவர் அந்த ஒப்பந்தத்துக்கு இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், உத்யம் பதிவில்லாமல் எந்த ஆர்டரிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆயினும் ஆண்டுதோறும் வாங்குகிற அலுவலகத்தின் மீது முதல் நடவடிக்கையாகவே வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். 30ஆம் நாள் ஒரு நினைவூட்டல் கடிதம், 46ஆம் நாள் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையான இன்னொரு கடிதம், அதற்குப் பிறகு உயர் அலுவலரைச் சந்திப்பது என்ற வரிசை பெரும்பாலும் பலன் தரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால் பிரிவின் முத்திரையுடன் நகல் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் அவைதான் ஆதாரம். வாங்குகிறவர் பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் டிரெட்ஸ் எனப்படும் இணையத் தளங்களில் பில்லைச் சிறு கழிவுக்கு வங்கியிடம் கொடுத்துச் சில நாட்களிலேயே பணம் பெறலாம். வாங்குகிறவர் பிறகு தாமதித்தாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது என்பது இதன் பெரிய நன்மை.

டெண்டர் முடிவிலேயே அநியாயம் நடந்ததாகக் கருதினால், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இன் 11ஆம் பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆணை கிடைத்ததிலிருந்து பத்து நாள்தான் அவகாசம். ஜெம் தளத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும் அவகாசம் இதைவிடவும் குறுகியது. டெண்டர் போட்டுவிட்டு வாரக்கணக்கில் தளத்தைத் திறக்காமல் இருப்பவருக்கு அந்த வழி அடைந்துவிடும்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் புதிய டெண்டர்கள் குறைவாக வரும். டிஜிட்டல் கையொப்பம் எப்போது காலாவதியாகிறது என்று பார்க்கவும், பாதுகாப்புக் காலணி செய்கிறவர் ஐ.எஸ். 15298 தரத்துக்கான சோதனைகளை முடிக்கவும், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் இசட்.இ.டி. தரச்சான்றுக்கு விண்ணப்பிக்கவும் அந்த மாதங்கள் ஏற்றவை. இசட்.இ.டி. சான்றின் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதம் மானியம் உண்டு. தணிக்கை முடிந்த கணக்கையும் அந்த ஆண்டில் சேர்ந்த நிறைவுச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரைப் போய்ப் பாருங்கள். கடன் வரம்போடு வங்கி உத்தரவாத வரம்பையும் தனியாகக் கேளுங்கள். சொத்துப் பிணை போதாது என்றால் பிணையில்லாக் கடனுக்குப் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. நிதியத்தின் உத்தரவாதத்தின்கீழ் தர முடியுமா என்றும் கேளுங்கள். ஜூலையில் டெண்டர் வந்த பிறகு இந்த வரம்பைக் கேட்டால், அது கிடைப்பதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும்.